ஜெனித்தின் பரணும் மாறும் தலைவர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவிஸ் கடிகார நிறுவனமான ஜெனித்துக்கு 2024இல் மறுபடியும் புது சி.இ.ஓ. வந்திருக்கிறார். 1865இல் தொடங்கிய நிறுவனத்தை ஒரு நிர்வாகி வந்து எவ்வளவுதான் மாற்றிவிட முடியும்? எல்லாம் விளம்பரத்துக்குத்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விளம்பரம்தான் என்று ஒதுக்கிவிட முடியாது. மேலிடத்து உத்தரவு ஒன்று ஜெனித்தின் கதையை முடித்திருக்க வேண்டியது.

1969இல் அவர்கள் எல் பிரிமெரோ என்ற மூவ்மென்ட்டை, அதாவது கடிகாரத்தை ஓட்டும் உள் இயந்திரத்தை, அறிமுகப்படுத்தினார்கள். கை அசைவில் தானே சாவி ஏறும், ஸ்டாப்வாட்சும் உண்டு. மணிக்கு 36,000 துடிப்பு. பத்தில் ஒரு நொடிவரை அளக்கலாம். அடுத்த சில வருடங்களில் நிறுவனம் சிகாகோவின் ஜெனித் ரேடியோ கைக்குப் போனது. பெயர் ஒற்றுமை தவிர இருவருக்கும் சம்பந்தமில்லை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகார அலை அடித்த நேரம். 1975இல் சிகாகோவிலிருந்து உத்தரவு: மெக்கானிக்கல் கடிகாரம் இனி வேண்டாம், கருவிகளைத் தள்ளிவிடுங்கள்.

லெ லோக்ல் என்ற சுவிஸ் ஊரில் ஜெனித்தின் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஷார்ல் வெர்மோ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அப்புறம் அச்சுகள், கேம்கள், வெட்டுக்கருவிகள் என்று ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, செய்முறையையும் எழுதிவைத்தார். 1978இல் நிறுவனம் சுவிஸ்காரர்களிடமே திரும்பியது. எண்பதுகளில் அந்தக் கருவிகள் கீழே இறங்கின. 1988இல் ரோலெக்ஸே இந்த மூவ்மென்ட்டை வாங்கி, துடிப்பை 28,800ஆகக் குறைத்து தன் டேடோனா கடிகாரத்தில் பொருத்தியது!

1999இல் பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமமான எல்.வி.எம்.எச். வாங்கிய பிறகுதான் நீங்கள் சொல்லும் சி.இ.ஓ. வரிசை. தியரி நட்டாஃப் டயலில் ஓட்டை போட்டு உள்ளே துடிப்பதைக் காட்டினார், விலையை ஏற்றினார், டெஃபை என்ற மாடலைப் பெரிதாக்கினார். எனக்கு அந்த டெஃபை பிடிக்காது, ஆனால் திறந்த டயல் இன்றும் ஓடுகிறது. 2009இல் வந்த ஜான் ஃப்ரெடெரிக் டுஃபூர் மாடல்களை வெட்டித் தள்ளி, விலையையும் இறக்கினார். பிற்பாடு அவரை ரோலெக்ஸ் அழைத்துக்கொண்டது. 2017இல் வந்த ஜூலியன் டோர்னார் 1969ஆம் வருடத்து முகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஆடம்பரக்காரரோ அடக்கமானவரோ, எல்லோரும் சாப்பிட்டது பரணிலிருந்து இறங்கியதைத்தான். டயல், விலை, விளம்பர முகம் ஆகியவற்றை ஒரு தலைவர் இரண்டே வருடத்தில் மாற்றிவிடலாம். மூவ்மென்ட் அப்படியில்லை. தொடங்கியவர் அது முடியும்போது வேறு எங்கோ வேலையில் இருப்பார். அதனால் புது ஆள் வந்தால் நான் பேட்டியைப் படிப்பதில்லை. எந்த மாடலை நிறுத்துகிறார் என்றுதான் பார்ப்பேன்.

இப்போதைய பெனுவா டி கிளெர்க் நிறுவனத்தின் 160ஆம் ஆண்டுக்கு, நியூஷாட்டெல் வானாய்வகத்தின் நேரத் துல்லியப் போட்டிகளில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து பரிசு வாங்கிய ‘135’ என்ற மூவ்மென்ட்டை மீட்டு, பிளாட்டினத்தில் 160 கடிகாரங்கள் செய்யவைத்திருக்கிறார். நல்ல தொடக்கம்தான். எதை நிறுத்துவார் என்பதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.