மைதானமும் தூங்குமூஞ்சி மரங்களும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பழைய விளையாட்டு மைதானத்தில் வணிக வளாகம் கட்ட நகராட்சி தீர்மானம் போட்டிருப்பதாகப் பேச்சு. ஓரத்திலுள்ள தூங்குமூஞ்சி மரங்களையும் 'புயலில் விழும்' என்று வெட்டப் போகிறார்களாம். கையெழுத்து வாங்கி ஆட்சியரிடம் கொடுத்தால் போதுமா?

ஒரு வாசகர், தஞ்சை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. வெறும் மனுவுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி பதில் வரும், அத்தோடு சரி. முதலில் மைதானத்தின் புல எண்ணை (சர்வே எண்) கண்டுபிடித்து, நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் வாங்குங்கள். நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த எண் திறந்தவெளியா, வணிகப் பகுதியா என்று பாருங்கள். தீர்மானத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். 'முழு விவரம் தருக' என்று எழுதினால் தட்டிக் கழிப்பார்கள். தீர்மானம், மதிப்பீடு, கோப்புக் குறிப்பு என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

திறந்தவெளி என்றிருந்தால் உங்கள் பிடி வலுவானது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மரங்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நாடா பிடித்துச் சுற்றளவு எடுங்கள். அதைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு தூரம் அடிமரத்தைச் சுற்றி வேருக்கு விட வேண்டும். 3 மீட்டர் சுற்றளவு என்றால் 12 மீட்டர். நீர்மட்டம் மேலே இருக்கும் டெல்டா களிமண்ணில் வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில்தான் ஓடும். வடிகாலுக்கென்று ஒரு பக்கம் தோண்டி வேரை அறுத்தால் அந்த மரம் அடுத்த புயலில் சாய்ந்துவிடும். 2018 கஜாவைக் காட்டி வெட்டச் சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மண் கொட்டி மேடாக்கினாலும், லாரி ஏறி மண் இறுகினாலும் வேருக்குக் காற்று போகாது. மரம் பட்டுப்போக இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்குள் யார் செய்தது என்பதே மறந்துபோயிருக்கும். ஆகவே இப்போதே ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, சுற்றளவு, அடிமரப் புகைப்படம், தேதி எல்லாம் குறித்து வையுங்கள். பொது நிலத்து மரங்களை வெட்டுவது ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். அங்கே பட்டியலை முந்திக்கொண்டு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கையெழுத்துகளையும் அதோடு இணைக்கலாம்.

வழக்கு என்று வந்தால் தஞ்சைக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. திருவாரூர், நாகைக்காரர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும். பணி ஆணை கொடுத்தபிறகு போனால் 'பொதுப்பணம் செலவாகிவிட்டது' என்று வாதாடுவார்கள். தீர்மான நகல் கைக்கு வந்த வாரமே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.