மழை குறையாமல் ஆறு குறையுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள மழைமானிகள், வெப்பமானிகளின் 30 ஆண்டுப் பதிவுகளைத் திரட்டி, ஓர் அளவு ஆண்டுபோக்கில் கூடிவருகிறதா குறைந்துவருகிறதா என்று பார்க்கும் மான்-கெண்டால் சோதனை செய்து பார்த்தேன். வெப்பநிலை ஏறுவது தெளிவாகத் தெரிகிறது. ஆண்டு மழையளவிலோ குறிப்பிடத்தக்க போக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆற்றில் ஓடும் நீர் குறைந்திருக்கிறது. மழை மாறாதபோது பருவநிலை மாற்றத்தின் மீது பழி போடுவது நியாயமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணக்கில் பிழை இருக்காது என்றே நினைக்கிறேன். அதிலிருந்து எடுத்த முடிவோடுதான் எனக்கு வழக்கு. மழையில் போக்கு உண்டென்று உறுதிசெய்யப் போதிய சான்று இல்லை என்று மட்டுமே அந்தச் சோதனை சொன்னது. மழை மாறவே இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை.

அந்தச் சோதனை எளிமையானது. 30 ஆண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணையிலும் பிந்தைய ஆண்டில் மழை கூடியதா குறைந்ததா என்று எண்ணிப் பார்க்கும், அவ்வளவே. ஆண்டுக்காண்டு தாறுமாறாக ஆடும் மழையில், மெல்ல நகரும் மாற்றம் இந்த எண்ணிக்கைக்குள் அகப்படுவதில்லை.

சராசரி 1000 மில்லிமீட்டர் மழையும், அதைச் சுற்றி 250 மில்லிமீட்டர் திட்டவிலக்கமும் (ஆண்டு மழை சராசரியிலிருந்து வழக்கமாக விலகி ஆடும் அளவு) உள்ள ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டுப் போக்குக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், 30 ஆண்டுகளில் மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ இருந்தால்தான் வழக்கமான 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு அதைப் போக்கு என்று சொல்ல முடியும். பத்தில் மூன்று பங்கு! 100 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் உங்கள் சோதனை பெரும்பாலும் வாயே திறக்காது. வெப்பநிலை அப்படியல்ல. ஆண்டுச் சராசரியின் திட்டவிலக்கம் 0.4 டிகிரி என்றால், மொத்தம் அரை டிகிரி ஏற்றமே பிடிபட்டுவிடும். வெப்பம் தெளிவாகவும் மழை மங்கலாகவும் தெரிவதற்கு இந்த ஆட்டத்தின் அளவே பெரும் காரணம். இனி முடிவுகளை அனுப்பும்போது, புள்ளியியலாளர் பிரணப் குமார் சென் 1968இல் எழுதிய முறைப்படி, எல்லா இணைகளின் சரிவுகளையும் (ஆண்டுக்கு எவ்வளவு மாறியது என்ற வீதங்களையும்) வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதையும், அதன் பிழை எல்லையையும் சேர்த்து அனுப்புங்கள். 'உண்டு', 'இல்லை' என்ற விடையைவிட அது பலமடங்கு பயன்படும்.

சரி, மழை உண்மையிலேயே மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆறு குறையலாம். ஆறு என்பது வரவில் செலவு போக மிஞ்சுவது. 1000 மில்லிமீட்டர் மழையில் மண்ணும் செடிகொடிகளும் நீர்நிலைகளும் 700 மில்லிமீட்டரை ஆவியாக்கிவிட்டால், ஓட்டத்துக்கு மிஞ்சுவது 300. வெப்பம் ஏறி அந்தச் செலவு 30 மில்லிமீட்டர் கூடினால், செலவுப் பக்கத்தில் அது 4 விழுக்காடுதான். ஆற்றிலோ பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. மிச்சம் சிறியதாக இருக்கும் வறண்ட பகுதிகளில் இந்த அடி இன்னும் பலமாக விழும். ஆவியாதல் வெப்பத்தை மட்டும் சார்ந்ததல்ல. காற்றும் ஈரப்பதமும் வெயிலும் மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே உங்கள் பகுதிக்கு இந்த எண்களை அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

ஆண்டு மொத்தம் மறைக்கும் இன்னொன்றும் உண்டு. ஒரு டிகிரி சூடேறிய காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கவும், இடையில் நீண்ட நாள் காயவும் வாய்ப்பு கூடுகிறது. 60 நாளில் பெய்ததே 40 நாளில் பெய்தாலும் மொத்தம் ஒன்றுதான். ஆனால் மண் குடிக்கும் வேகத்தை மிஞ்சிய மழை, நிலத்தடிக்குப் போகாமல் வெள்ளமாகக் கடந்துவிடும். கோடையில் ஆற்றுக்குக் கசிந்து வரவேண்டிய நீர் அங்கே இருக்காது. மழை நாள்களின் எண்ணிக்கை, ஆண்டின் மிக அதிகமான ஒருநாள் மழை, தொடர்ந்து மழையற்ற நாள்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். பருவவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். ஒரு பருவத்தில் குறைந்தது இன்னொன்றில் கூடினால், ஆண்டு மொத்தத்தில் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

மழைமானிகளின் வரலாற்றையும் விசாரியுங்கள். கருவியை இடம் மாற்றியிருந்தாலோ, பக்கத்தில் மரமோ கட்டடமோ எழும்பியிருந்தாலோ, அந்த மாற்றமும் போக்காக வேடமிட்டு வரும். வெப்பமானியைச் சுற்றி சிமென்ட் தரை வந்திருந்தாலும் இதே கதைதான். சலிப்பூட்டும் வேலை என்று பலரும் தாண்டிச் செல்லும் இடம் இது. மற்ற எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது.

பழி பற்றிய உங்கள் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. மழைப் பதிவை மட்டும் வைத்துப் பருவநிலை மாற்றத்தை விடுவிக்கவும் முடியாது, குற்றவாளியாக்கவும் முடியாது. அதே 30 ஆண்டுகளில் மேலே புதிய அணை எழுந்திருக்கலாம், ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியிருக்கலாம், பயிர் மாறியிருக்கலாம். வெப்பம் தின்றதைவிட மோட்டார்கள் இறைத்தது அதிகமாக இருந்தால் எனக்கு வியப்பில்லை. ஓட்டத்தை எந்த இடத்தில் அளந்தார்கள், அணைக்கும் பாசன வாய்க்கால்களுக்கும் மேலேயா கீழேயா என்று எழுதுங்கள். மேலே அளந்த பதிவு ஒன்று கிடைத்தால், வானம் செய்ததையும் மனிதர் செய்ததையும் ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.