ஆஸ்டியோபதி படிக்க ஆசைப்படும் மாணவன் எதை எதிர்பார்க்கலாம்?

முக்கூடலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: "பீடி சுற்றிச் சுற்றி அம்மாவுக்குக் கழுத்து வலி. வர்ம ஆசான் கைபட்டதும் குறைந்தது. நானும் ஆஸ்டியோபதி படிக்கலாமா?"

தம்பி, ஆஸ்டியோபதி என்பது எலும்பு, தசை, மூட்டுகளைக் கையாலேயே அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சை முறை. வீட்டில் ஒருவரின் வலியைப் பார்த்து வரும் ஆசைதான் உறுதியானது. மாத்திரை இல்லாமல் கையாலேயே குணப்படுத்தலாம், சொந்தமாகத் தொழில் வைக்கலாம் என்றும் பலர் வருகிறார்கள். ஆனால் கைக்கு வேலை வருமுன் எலும்பு, தசை, நரம்பு என்று உடற்கூறியலை மாய்ந்து மாய்ந்து படிக்க வேண்டும். எந்த வலியைத் தொடக்கூடாது, யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் இதில் பெரிய பாடம். புற்றுநோயாலும் முதுகு வலிக்கும்.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-ல் அமெரிக்காவின் கிர்க்ஸ்வில்லில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார். இன்று அங்கே இதைப் படித்தவர் மருந்து எழுதும், அறுவை செய்யும் முழு மருத்துவர். பிரிட்டனில் அப்படியில்லை, பதிவு பெற்ற கைச்சிகிச்சையாளர் மட்டுமே. எந்த நாட்டுப் படிப்பு என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கைச்சிகிச்சை கற்க இன்னொரு வழியும் உண்டு: உங்களுக்குப் பக்கத்திலேயே பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீட் எழுத வேண்டும். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. சித்தத்தில் வர்மமும் உண்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல் என ஒன்பது வகைத் தொக்கணமும் (உடலைப் பிடித்துவிடும் சிகிச்சை) உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் அங்கே போய்ப் படிக்கிற பிள்ளைகளிடம் பேசுவேன்.