தோண்டும்போது எரிவாயுக் குழாயில் பொக்லைன் லேசாக உரசிவிட்டது. கசிவு இல்லை. இதையும் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள், அதுவரை குழியை மூடாதீர்கள்.

பொக்லைனின் பல் பட்டு மேல்பூச்சு பெயர்ந்திருக்கிறது, எஃகில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்திருக்கிறது, சத்தமும் இல்லை, வாடையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேற்பார்வையாளர் மண்ணைத் தள்ளி மூடச் சொல்கிறார். "கேஸே வெளியே வராதபோது இதில் அறிக்கை கொடுக்க என்ன இருக்கிறது?" என்பது உங்கள் கேள்வி. எரிவாயுக் குழாய்ப் பாதைகளின் பராமரிப்பில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றி. நீண்ட தூரம் எரிவாயு கொண்டுபோகும் குழாய்களில் 60, 70 பார் அழுத்தம் சாதாரணம். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய முப்பது மடங்கு. அந்த அழுத்தத்தில் குழாயின் சுவர் எப்போதும் இழுபட்டபடியேதான் இருக்கும். பொக்லைனின் பல் அதில் இழுத்துக்கொண்டு போகும்போது கோடு விழுந்த இடத்துக்கு அடியில் உள்ள எஃகு இறுகி, வளையும் தன்மையை இழந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத முடி அளவு விரிசல்கள் அங்கேதான் தொடங்கும். அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவை கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும். கோட்டோடு சேர்ந்து ஒரு பள்ளமும் விழுந்திருந்தால் இன்னும் மோசம். இப்படி அடிபட்ட குழாய் அன்றைக்கே உடையாமல், வாரங்கள் அல்லது வருடங்கள் கழித்து உடையலாம். அதற்கு முன் சின்னதாகக் கசிந்து எச்சரிக்கை தரும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

வாடை வரவில்லை என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாடை இல்லை. நாம் உணர்வது அதில் கலக்கும் மெர்கேப்டன் வகை வேதிப்பொருளின் வாடை. டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் ஊரில் 1937 மார்ச் 18 அன்று ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் வாடையில்லாத கேஸ் தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே வாடை சேர்ப்பது சட்டமானது. ஆனால் பல நாடுகளில் ஊர்களுக்குள் விநியோகிக்கும் கேஸில்தான் வாடை சேர்க்கிறார்கள். பெரிய கடத்தல் குழாய்களில் அது இருக்க வேண்டும் என்பதில்லை. இன்னொன்று, கேஸ் மண்ணுக்குள் ஊடுருவி வரும்போது மண்ணே அந்த வாடையை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு.

சரி, "மூடிவிட்டால் என்ன ஆகும்" என்பதற்கு வருகிறேன். பெல்ஜியத்தின் கிலென்கியனில் 2004 ஜூலை 30 அன்று நடந்ததை நான் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். ஒரு தொழிற்பேட்டையில் கட்டுமான வேலை நடந்த இடத்தில், பூமிக்கு அடியில் எரிவாயுக் குழாய் ஓடியது. கனரக இயந்திரம் ஒன்று அந்தக் குழாயைக் கீறியிருந்தது. அன்றைக்கு அல்ல, அதற்கு முன்பே. அந்த அடி சரிசெய்யப்படாமலே மண்ணுக்குள் கிடந்தது. குழாயில் அழுத்தம் கூட்டப்பட்டபோது அடிபட்ட இடம் கசியத் தொடங்கியது. தகவல் கிடைத்துத் தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்ந்திருந்த நேரத்தில் குழாய் கிழிந்து தீப்பிடித்தது. 24 பேர் இறந்தார்கள், வந்து நின்ற தீயணைப்பு வீரர்களும் அதில் அடக்கம். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கீறல் விழுந்த நாளில் வேலை நிறுத்தப்பட்டு, அழுத்தம் குறைக்கப்பட்டு, அந்தத் துண்டு மாற்றப்பட்டிருந்தால் அது ஒரு பராமரிப்புக் குறிப்போடு முடிந்திருக்கும்.

அறிக்கை விதிகள் எதற்கு என்று கேட்டீர்களே, அவை எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். நாட்டுக்கு நாடு விவரங்கள் மாறும். எனக்கு நன்றாகத் தெரிந்த அமெரிக்க விதியைச் சொல்கிறேன். லூசியானாவில் 1965-ல் ஒரு எரிவாயுக் குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1968-ல் எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைய விதிப்படி கேஸ் வெளியேறி உயிரிழப்போ, மருத்துவமனையில் சேர்க்கும் அளவு காயமோ ஏற்பட்டால், சொத்துச் சேதம் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால், அல்லது 30 லட்சம் கன அடிக்குக் குறையாமல் கேஸ் வீணானால் அது 'சம்பவம்'. அது உறுதியானதிலிருந்து 1 மணி நேரத்துக்குள் இத்தகைய அவசரத் தகவல்களைப் பெறும் அரசின் தேசிய மையத்துக்குத் தகவல் போக வேண்டும், 48 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலைத் திருத்தியோ உறுதிப்படுத்தியோ சொல்ல வேண்டும், 30 நாளுக்குள் எழுத்தில் முழு அறிக்கை தர வேண்டும்.

இவ்வளவுதான் விதி என்று நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பொருந்துவது அதுதான். அதன் பெயர் 'பாதுகாப்பு தொடர்பான நிலைமை'. கேஸ் ஒரு துளியும் வெளியே வந்திருக்க வேண்டியதில்லை. உயர் அழுத்தக் குழாயின் பயன்பாட்டைக் கெடுக்கும் அளவு வெளியடி, சுவரை மெலிய வைத்த துரு, மண் சரிந்து குழாய் நகர்ந்தது போன்றவை இதில் வருகின்றன. அப்படி ஒரு நிலைமை இருக்கிறது என்று முடிவானதிலிருந்து 5 வேலை நாளுக்குள், கண்ணில் பட்டதிலிருந்து 10 வேலை நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். அதற்குள் பழுது பார்த்துவிட்டால் விலக்கு உண்டு. எனக்கு இந்த விலக்கு ரொம்பப் பிடிக்கும். அறிக்கை எழுதும் சிரமத்தைத் தவிர்க்க நினைக்கும் நிறுவனத்துக்கு ஒரே வழி, உடனே சரிசெய்வது. கட்டடங்களுக்குத் தொலைவில் உள்ள இடங்களுக்கும் சில விலக்குகள் இருக்கின்றன. நீங்கள் வேலை செய்வது சாலையோரம், அதனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

அப்புறம் பழைய பதிவுகள். கலிபோர்னியாவின் சான் புருனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று குடியிருப்புக்கு நடுவே 30 அங்குலக் குழாய் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. கேஸை நிறுத்தவே 95 நிமிடம் ஆனது. 1956-ல் பதித்த அந்த இடத்தில் வெல்டிங் இணைப்பே இல்லாத குழாய் இருப்பதாக நிறுவனத்தின் பதிவு சொன்னது. தோண்டி எடுத்தபோது சரியாகப் பற்ற வைக்கப்படாத நெடுக்கு வெல்டிங்கோடு குட்டைத் துண்டுகள் கிடைத்தன. அதே லைனில் வேறோர் இடத்தில், 1988-லேயே நெடுக்கு வெல்டிங்கில் கசிவு வந்து சரிசெய்திருந்தார்கள். அந்தக் கசிவு பிற்கால ஆபத்து மதிப்பீட்டில் கணக்கில் வரவே இல்லை. ஒருவர் கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்த கோளாறு, அடுத்து முடிவெடுக்க வேண்டியவருக்குப் போய்ச் சேரவில்லை. இந்த விசாரணை விவரங்களைப் படித்த நாளிலிருந்து நான் எந்தப் பழுதுக் குறிப்பையும் "சின்ன விஷயம்" என்று ஒதுக்கியதில்லை.

உங்கள் உண்மையான பயம் வேறு என்று புரிகிறது. சொன்னால் வேலை போகும், அபராதம் விழும். அந்தப் பயம் நியாயமானது. நான் இருந்த ஒரு பாதையில் இயந்திரம் ஓட்டும் ஒருவர் மாலையில் தயங்கித் தயங்கி வந்து, "குழாயில் பட்டிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு சார்" என்றார். அவர் அந்தக் குழியை மூடிவிட்டு நான்கு நாள் ஆகியிருந்தது, நான்கு இரவும் தூங்கவில்லை என்றார். அழுத்தத்தைக் குறைத்துவிட்டுத் தோண்டிப் பார்த்தோம். கோடு ஆழமாகவே இருந்தது. அந்தப் பகுதியை வெட்டி மாற்றினோம். மறுநாள் கூட்டத்தில் அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு குரல் எழுந்தது. எங்கள் மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அவரை நீக்கினால் அடுத்த ஆள் வந்து சொல்ல மாட்டான் என்றார். அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தெரியாமல் பட்டதற்குத் தண்டிக்கும் நிறுவனம், தன் குழாய்க்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. மறைத்ததற்குத் தண்டியுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.

இப்போது செய்ய வேண்டியது. இயந்திரத்தை அணைத்துவிட்டு ஆட்களை அப்பால் அனுப்புங்கள். அருகில் யாரும் பீடி சிகரெட் பற்ற வைக்க வேண்டாம். கோட்டைத் தேய்த்துப் பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, டேப் சுற்றுவது எதுவும் வேண்டாம். பாதை நெடுக நிற்கும் மஞ்சள் நிறக் குறியீட்டுக் கம்பத்தில் அவசர எண்ணும் கிலோமீட்டர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, கிலோமீட்டர் எண், பட்ட நேரம், எந்த இயந்திரம், கோடு எவ்வளவு நீளம் என்று சொல்லுங்கள். தொலைவில் நின்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழைத்த நேரத்தையும் எழுதி வையுங்கள். மேற்பார்வையாளர் வேண்டாம் என்றாலும் கூப்பிடுங்கள், அதற்கு அவருடைய அனுமதி தேவையில்லை. அவர்கள் ஆள் வந்து பார்த்து, மூடலாம் என்று எழுதிக் கொடுக்கும்வரை அந்தக் குழி திறந்தே இருக்கட்டும்.