கம்பி இறங்கும் அந்த நொடி

வாசகர் கேள்வி – பதில்

தீம் பார்க் ரைடுகளிலும் நெரிசலான வரிசைகளிலும் மூச்சு முட்டுகிறது என்று எழுதியவர்களின் கேள்விகளில் சில. மனநல ஆலோசகரும் ரைடு பாதுகாப்புப் பொறியாளரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். ஒரு நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். எனக்கு லிஃப்ட், ஏசி பஸ் எதிலும் தொந்தரவு இல்லை. ஆனால் ரைடில் உட்கார்ந்து, கம்பி இறங்கி 'டக்'கென்று பூட்டியதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பிய்த்துக்கொண்டு ஓடலாமா என்று இருக்கிறது. பிள்ளைகளோ 'அம்மா வந்தால்தான் ஏறுவோம்' என்கிறார்கள்.
— வாசகி, அம்பத்தூர்

லிஃப்டுக்குப் பயமில்லை, கம்பிக்குத்தான் பயம் என்று நீங்களே பிரித்துச் சொல்லிவிட்டீர்கள். அதிலேயே பாதி வேலை முடிந்தது. கிளாஸ்ட்ரோஃபோபியா என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஒன்று, காற்று போதாமல் மூச்சு நின்றுவிடுமோ என்பது. இன்னொன்று, கை காலை அசைக்க முடியாமல் மாட்டிக்கொண்டோமே என்பது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். உங்களுடையது இரண்டாவது. ஆகவே உங்களுக்கு இருட்டு, மூடிய அறை என்று பார்த்து ரைடைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. உடம்பை எது, எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள்.

லேப் பார் என்பது மடிமேல் மட்டும் இறங்கும் கம்பி. மார்பும் கையும் விட்டபடி இருக்கும். தலைக்கு மேலிருந்து இறங்கி இரண்டு தோளையும் பிடிக்கும் வகைதான் உங்களைப் போன்றவர்களுக்குச் சிரமம். சிங்கப்பூர் பார்க்கில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற இரட்டை ரோலர் கோஸ்டரில் 'சைலான்' பக்கம் கால் தொங்க, தோள்கம்பியோடு போகும். 'ஹ்யூமன்' பக்கம் சாதாரணமாக உட்கார்ந்து போவது. 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்', 'ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி' இரண்டும் மடிக்கம்பி வகை. மம்மி முழுக்க இருட்டு, நடுவில் பின்பக்கமாகவும் ஓடும். உங்களுக்கு அது பரவாயில்லையாக இருக்கலாம். முதல் வகைப் பயக்காரருக்கு ஆகாது. ஜுராசிக் பார்க் ராஃப்டைத் திறந்தவெளி ஆற்றுச் சவாரி என்று நம்பி ஏறிப் பலர் ஏமாறுகிறார்கள். நடுவில் ராஃப்ட் ஓர் இருண்ட கட்டடத்துக்குள் புகுந்து, லிஃப்டில் மேலேறி, பிறகுதான் சரிந்து விழும்.

பெரிய ரைடுகள் பலவற்றின் வாசலில் டெஸ்ட் சீட் ஒன்று வைத்திருப்பார்கள். உடல் பருமனானவர்களுக்கு என்று நினைத்துப் பயந்தவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. நியாயமாக முதலில் உட்கார வேண்டியவர் நீங்கள்தான். கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்து, கம்பியை நீங்களே இழுத்துப் பூட்டி, நிதானமாக நூறு எண்ணிவிட்டு எழுங்கள். மூன்று முறை செய்யுங்கள். பூட்டும் சத்தம்தான் பலருக்குப் பயத்தைக் கிளப்புகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும்.

உட்காரும் முறையிலும் ஒரு சங்கதி உண்டு. பதற்றத்தில் இருப்பவர்கள் சரிந்து, வயிற்றை எக்கிக்கொண்டு உட்காருவார்கள். கம்பி அந்த அளவுக்கு இறங்கிப் பூட்டிவிடும். ரைடு கிளம்பி நிமிர்ந்ததும் இறுக்கிப் பிடிக்கும். இடுப்பு சீட்டின் அடிமுதுகில் ஒட்டும்வரை பின்னால் தள்ளி, நிமிர்ந்து, இயல்பாக மூச்சுவிட்டபடி கம்பியை இறக்குங்கள். பூட்டிய பிறகு மேலும் அமுக்காதீர்கள். அதிகமாக இறங்கிவிட்டால் கிளம்புவதற்கு முன்பே கையை உயர்த்துங்கள். ஊழியர் மொத்தமாகத் திறந்து மறுபடி இறக்கித் தருவார். பெரும்பாலான கோஸ்டர்கள் இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதே பயணத்தில் சிங்கப்பூர் ஃப்ளையருக்கும் டிக்கெட் போட்டிருந்தால் ஒரு எச்சரிக்கை. 165 மீட்டர் உயர ராட்டினம். ஒரு கூண்டில் 28 பேர்வரை நிற்கலாம், கண்ணாடிவழி வெளிச்சம் தாராளம். ஆனால் ஒரு சுற்று சுமார் 30 நிமிடம், நடுவில் இறங்க வழியில்லை. 'நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாதே' என்று தவிப்பவர்களுக்கு இரண்டு நிமிடக் கோஸ்டரைவிட இதுதான் கடினம்.

போன தீபாவளி விடுமுறையில் ஒரு பார்க்கில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். கட்டடத்துக்குள் வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்பு. முன்னும் பின்னும் ஆட்கள். திடீரென்று மூச்சு பற்றவில்லை, தலை சுற்றியது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போயின. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்து எல்லோரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். இசிஜி நார்மல். அப்படியென்றால் அது என்ன?
— வாசகர், திருப்பூர்

இசிஜி எடுத்தது சரியான காரியம். நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மயங்கி விழுந்தால் அதைப் பயம் என்று ஒதுக்கவே கூடாது.

நீங்கள் சொல்லும் மரமரப்பு பெரும்பாலும் வேகமாக மூச்சு வாங்குவதால் வருவது. அங்கே காற்று குறையவில்லை; நீங்கள்தான் தேவைக்கு மேல் இழுத்திருக்கிறீர்கள். அப்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. விரலும் உதடும் மரப்பதும் அதே கணக்கில்தான். இதைக் கண்டு பயந்து இன்னும் வேகமாக மூச்சிழுக்கிறோம், இன்னும் மரக்கிறது. இந்தச் சுழலை 'ஆழமாக மூச்சை இழு' என்று சொல்லி உடைக்க முடியாது. கூட வருபவர்கள் செய்யும் முதல் தவறே அதுதான். இழுப்பதைவிட விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். மூக்கால் 4 எண்ணும்வரை உள்ளே, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூன்று முதல் ஐந்து நிமிடம் விடாமல். காகிதப் பையை மூக்கில் வைத்து ஊதச் சொல்வது பழைய வைத்தியம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து, வேண்டாம்.

இந்தப் பதற்றம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கும். உச்சத்தில் ஓடிவிட்டால் 'ஓடியதால்தான் பிழைத்தோம்' என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த முறை வரிசையின் வாசலிலேயே ஆரம்பித்துவிடும். முடிந்தால் இறங்கும்வரை நில்லுங்கள். முடியவில்லையா, தள்ளிக்கொண்டு வராதீர்கள். 'கொஞ்சம் வழி விடுங்க, உடம்பு முடியல' என்ற ஒரு வாக்கியம் போதும், கூட்டம் தானாக விலகும்.

வரிசைக்குள் நுழைவதற்கு முன் வாசலில் நிற்கும் ஊழியரிடம் மூன்றைக் கேளுங்கள்: எவ்வளவு தூரம் கட்டடத்துக்குள் போகும்? நடுவில் கதவை மூடிப் படம் காட்டும் அறை உண்டா? ஏற மனமில்லாவிட்டால் கடைசி இடத்திலிருந்து வெளியேற வழி உண்டா, எங்கே? மூன்றாவதற்குப் பெரும்பாலும் 'உண்டு' என்றே பதில் வரும். ஏறும் மேடை வரை போய், சீட்டில் உட்காராமல் மறுபக்கம் இறங்கி வெளியே போகலாம். அமெரிக்க பார்க்குகளில் இதற்கு 'சிக்கன் எக்ஸிட்' என்றே செல்லப்பெயர்; அவ்வளவு சகஜம். வழி தெரிந்த பிறகு அதைப் பயன்படுத்த வேண்டிய தேவையே பலருக்கு வருவதில்லை.

நிற்கும் இடமும் முக்கியம். வளைவு வரிசையில் வெளி ஓரக் கம்பியை ஒட்டி நில்லுங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று உங்கள் ஆட்களையே வைத்துக்கொண்டால் அந்நியர் மூச்சு கழுத்தில் படாது. பார்க் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் உள்வரிசை உள்ள ரைடுகளை முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அன்று காலை இரண்டாவது காபி வேண்டாம், படபடப்பைக் கூட்டும். அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், குடிக்கவும், மணிக்கட்டில் ஒற்றிக்கொள்ளவும். காசு கொடுத்தால் வேகமாகப் போகும் வரிசை வொண்டர்லாவில் 'ஃபாஸ்ட்ராக்', யுனிவர்சலில் 'எக்ஸ்பிரஸ்'. உங்களுக்கு அது ஆடம்பரமில்லை, வாங்கலாம். தனியாள் வரிசை சீக்கிரம் நகரும் என்று ஆசைப்பட வேண்டாம். துணையைப் பிரித்து வேறு வண்டியில் உட்கார வைப்பார்கள்.

மகன் ஃப்ளோரிடாவில் இருக்கிறான். டிஸ்னி வேர்ல்டுக்கு அழைக்கிறான். எனக்கு மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டும். வயது 61. எதைத் தவிர்க்க வேண்டும்?
— வாசகர், கும்பகோணம்

முதலில் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பார்க்கில் இருக்கும் 'மிஷன்: ஸ்பேஸ்'. நான்கு பேர் உட்காரும் விண்கலக் கூண்டு. கதவு மூடும், கருவிப் பலகை முகத்துக்கு மிக அருகே வந்து நிற்கும். ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு வகை உண்டு. பச்சையில் சுழற்சி இல்லாததால் 'லேசானது' என்று மகன் சொல்லக்கூடும். தலைசுற்றலுக்குத்தான் அது லேசு. கூண்டு இரண்டுக்கும் ஒன்றே.

அங்கேயே இன்னொரு பார்க்கான அனிமல் கிங்டமின் 'ஃப்ளைட் ஆஃப் பேசேஜ்' பார்க்கப் பெரிய திறந்த திரை. ஆனால் மோட்டார் சைக்கிளில் போல உட்கார்ந்ததும் முதுகிலும் கெண்டைக்காலிலும் பட்டைகள் வந்து அழுத்தும். ஏறுவதற்கு முன் மூடிய அறைகளும் உண்டு. 'ஹாண்டட் மேன்ஷன்' வண்டி இதமானது; அதற்கு முன் எல்லோரையும் ஓர் அறையில் அடைத்துக் கதவைச் சாத்தி, விளக்கை அணைப்பதுதான் தொல்லை. ஊழியரிடம் சொன்னால் அந்த அறையைத் தவிர்த்து அழைத்துப்போக வழி இருக்கிறதா என்று பார்ப்பார். கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டுக்கும் போவதானால், அங்கே நீர்மூழ்கிச் சவாரிக்குள் இறங்க முடியாதவர்கள் அதே காட்சிகளைக் கரையிலேயே பார்க்கத் தனி அறை வைத்திருக்கிறார்கள்.

வரிசையில் நிற்காமல் இருக்க டிஸ்னி தரும் மாற்றுத்திறனாளி சேவையை நம்பிப் போகாதீர்கள். 2024-இல் அதை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கானது என்று சுருக்கிவிட்டார்கள். பணம் கட்டிப் போகும் வேக வரிசையான 'லைட்னிங் லேன்'தான் உங்களுக்கு வழி.

ரைடு நடுவழியில் நின்றுவிட்டால்?
— வாசகி, திருநெல்வேலி

பெரும்பாலும் அது பழுதல்ல. தண்டவாளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, முன்பகுதி காலியாகாதவரை பின் வண்டியைக் கணினி நிறுத்தி வைக்கும். யாரோ மெதுவாக இறங்கினாலும் நிற்கும். சில நிமிடத்தில் நகர்ந்துவிடும். ஏற்றத்தில் நீண்ட நேரம் நின்றால் பக்கவாட்டுப் படிகளில் ஊழியர்கள் ஏறிவந்து, ஒவ்வொரு வரிசையாகக் கம்பியைக் கையால் திறந்து இறக்குவார்கள். இருட்டு ரைடில் வேலை விளக்குகளைப் போட்டு, அறிவிப்பும் செய்வார்கள். நீங்களாகக் கம்பியிலிருந்து நெளிந்து வெளியேற முயல்வதுதான் உண்மையான ஆபத்து. வாய்விட்டு எண்ணுங்கள், பக்கத்து ஆளிடம் பேசுங்கள். பேசினால் வேகமாக மூச்சு வாங்க முடியாது.

ஒன்பது வயது மகன் வாட்டர் பார்க்கில் மூடிய குழாய்ச் சறுக்கில் போக மறுக்கிறான். 'ஒரு தடவை தள்ளிவிட்டா சரியாயிடும்' என்கிறார் அவன் அப்பா.
— வாசகி, ஈரோடு

சரியாகாது. குழாய்க்குள் நடுவில் பயந்து எழ முயன்றால் தலை இடிக்கும். நின்றுவிட்டால் பின்னால் வருபவர் வந்து மோதுவார். முடிவை மேலே படியில் வைத்தே எடுக்க வேண்டும். படிவழியே இறங்கி வருவதில் ஒரு கேவலமும் இல்லை. முதலில் மேற்பகுதி திறந்த சறுக்கு, பிறகு வெளிச்சம் ஊடுருவும் குழாய், பிறகு அப்பாவோடு இருவர் உட்காரும் மிதவை. ஒவ்வொன்றிலும் அவனே 'இன்னொரு தடவை' என்று கேட்கும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். அடியில் கதவு திறந்து விழவைக்கும் கூண்டுச் சறுக்கை இந்த வருடம் மறந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, பதற்றத்துக்கான அல்ப்ரசோலம் மாத்திரையில் பாதி போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார். போடலாமா?
— வாசகி, தாம்பரம்

வேண்டாம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மாத்திரை அது. வெயிலில் வரிசை, தண்ணீர், உயரம் மூன்றுக்கும் தூக்கக் கலக்கம் பொருந்தாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கும். படபடப்பைக் குறைக்கும் ப்ரொப்ரனோலால் மாத்திரையைச் சொல்பவர்களும் உண்டு. ஆஸ்துமா இருப்பவர் அதைத் தொடவே கூடாது. மருத்துவர் எழுதித் தந்தாலும் முதல் மாத்திரையை வீட்டில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள். வெளிநாடு என்றால் அந்த நாட்டு மருந்து விதிகளையும் பாருங்கள். சிங்கப்பூர் போன்ற இடங்களில் முன் அனுமதி தேவைப்படலாம்.

திருப்பதி போனால் வைகுண்டம் காம்ப்ளெக்ஸில் கம்பார்ட்மெண்ட் கதவைப் பூட்டுகிறார்களே, அதை எப்படிச் சமாளிப்பது?
— வாசகர், வேலூர்

நேரம் குறித்த டோக்கனோ 300 ரூபாய் டிக்கெட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், காத்திருப்பு குறையும். 65 வயது நிரம்பியவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. உள்ளே போனதும் கதவருகே மொய்க்காமல், கம்பி வலையை ஒட்டி உட்காருங்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்துவையுங்கள். கதவு திறந்ததும் ஓடும் கூட்டத்தோடு ஓடாமல், கடைசியாக எழுந்து நடங்கள். ஐந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

இதை அடியோடு போக்க முடியுமா? பயணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.
— வாசகி, நாகர்கோவில்

ஆறு வாரம் நல்ல அவகாசம். பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, எளிதிலிருந்து கடினத்துக்குப் படிகளாக எழுதுங்கள். முதல் வாரம், போகப்போகும் ரைடை முன்சீட்டிலிருந்து எடுத்த வீடியோவில், சத்தத்தோடு தினமும் ஐந்து முறை. அடுத்து, காரின் பின்சீட்டு நடுவில் இருவருக்கிடையே பெல்ட் போட்டு இருபது நிமிடம். பிறகு முழுமுக ஹெல்மெட், கண்ணாடியை இறக்கி வீட்டில் உட்கார்ந்தபடி பத்து நிமிடம். மூச்சு முட்டும் வகைக்கு இது நல்ல பயிற்சி. அசைய முடியாத வகைக்கு, கையையும் சேர்த்துப் போர்வையால் உடம்பைச் சுற்றி, துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கப் படுத்திருங்கள். முகம் திறந்தே இருக்கட்டும். எதிலும் விதி ஒன்றுதான்: மதிப்பெண் பாதியாக இறங்கும்வரை வெளியே வராதீர்கள். 8 என்றால் 4 ஆகட்டும். போன் பார்த்து மறப்பது கணக்கில் சேராது. வாரத்தில் ஐந்து நாளாவது செய்யுங்கள்.

மூன்று வாரத்தில் மதிப்பெண் அசையவில்லை என்றால், அல்லது லிஃப்ட், ஸ்கேன், பஸ் என்று அன்றாடத்தையே தடுக்கிறது என்றால், உளவியல் நிபுணரிடம் போங்கள். குறிப்பிட்ட பயங்களுக்கு ஒரே அமர்வில், மூன்று மணி நேரம்வரை நீளும் சிகிச்சைமுறைகூட இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.