கண்டி அரண்மனையை எங்கே தேடுவது, எப்படிப் பார்ப்பது?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கண்டி அரண்மனையைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். முன்பு சென்றபோது தலதா மாளிகையை வணங்கிவிட்டுத் திரும்பிவிட்டோம். அரண்மனை எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் படி ஏற முடியாது. ஒரு நாள் போதுமா? ஹப்புத்தளை அடிஷம் பங்களாவையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?"

சென்ற முறை நீங்கள் அரண்மனைக்குள் நின்றுகொண்டுதான் அரண்மனையைத் தேடியிருக்கிறீர்கள். கண்டி மன்னர்களின் அரண்மனை ஒரே கூரையின் கீழ் எழுந்த பெருங்கட்டடம் அன்று. மன்னரின் இருப்பிடம், அரசியரின் இல்லங்கள், கொலுமண்டபம், நீராடும் மண்டபம், புத்தரின் புனித தந்தம் (பல்) வைக்கப்பட்ட மாளிகை எனத் தனித்தனிக் கட்டடங்கள் அடங்கிய வளாகம் அது. அந்த வளாகத்தின் ஓர் உறுப்பாக இருந்ததே தலதா மாளிகை. இன்று அது வழிபாட்டால் உயிர்ப்போடு விளங்குவதாலும், மற்றக் கட்டடங்கள் அருங்காட்சியகங்களாகவும் அலுவலகங்களாகவும் பிரிந்துவிட்டதாலும், பெரும்பாலானோர் மாளிகையை மட்டும் கண்டு திரும்புகிறார்கள். ஆகவே இம்முறை ஆட்சி நடந்த இடத்திலிருந்து தொடங்கி, வழிபாட்டு இடத்தைப் பிறகு பாருங்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

மாளிகையின் வடபுறத்தில் மகுல் மடுவ என்னும் கொலுமண்டபம் இருக்கிறது. சுவர்கள் இல்லாமல், செதுக்கு வேலைப்பாடு நிறைந்த மரத்தூண்கள் ஓட்டுக்கூரையைத் தாங்கி நிற்கும் இம்மண்டபத்தின் வேலையை ராஜாதி ராஜசிங்கன் தொடங்கினார். பிற்காலத்தில் ஆங்கிலேயர் இதை நீட்டிக் கட்டினர். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஒப்பந்தம் செய்து இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைத்தது இங்கேதான். மலையகத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் இந்த இடத்தில் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஏனெனில் அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னரே இம்மலைகளில் வீதிகள் திறக்கப்பட்டன, கோப்பித் தோட்டங்கள் எழுந்தன, நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக இங்கே கொண்டுவரப்பட்டனர்.

அதே வடபுறத்தில் மன்னரின் இருப்பிடமான ரஜ வாசல உள்ளது. இராச்சியம் வீழ்ந்தபின் ஆங்கிலேயப் பிரதிநிதி ஜோன் டொய்லி இதில் தங்கினார். இப்போது இது தொல்பொருள் அருங்காட்சியகம். அரசியர் வாழ்ந்த பல்லே வாசல இன்று கண்டி தேசிய அருங்காட்சியகமாக இருக்கிறது. கண்டிக்கால அணிகலன்கள், ஆயுதங்கள், அன்றாடப் பாவனைப் பொருட்கள் ஆகியவற்றைப் பிள்ளைகள் அங்கே அருகிலிருந்து பார்க்கலாம். ஏரிக்கரையில் நீரையொட்டி நிற்கும் உல்பெங்கே அரசியர் நீராடிய மண்டபம். மாளிகையின் முன்புறத்தில் துருத்தி நிற்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ, ஏரி, அலையலையாய் வளைந்த வெண்மதில் ஆகிய மூன்றும் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தவை. அரச கட்டடக் கலைஞரான தேவேந்திர மூலாச்சாரியின் கைவண்ணம் இவற்றில் தெரிகிறது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும், "இவ்வளவுதானா அரண்மனை?" என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். படங்களில் காணும் கற்கோட்டைகளை எதிர்பார்த்து வருவோருக்கு இந்த ஏமாற்றம் இயல்பு. கண்டியின் கோட்டை கல்லால் ஆனதன்று. மூன்று புறமும் வளைந்தோடும் மகாவலியும், அடர்காடும், ஒற்றையடிப் பாதைகளும், பலன போன்ற கணவாய்க் காவல்களுமே அதன் அரண். எதிரி உள்ளே வந்தால் மன்னர் நகரை விட்டு ஹங்குராங்கெத்தவுக்கோ மெதமகாநுவரவுக்கோ பின்வாங்குவார்; வெறுமையான நகரைப் பிடித்த படை, உணவின்றியும் காய்ச்சலாலும் தளரும். 1765இல் ஒல்லாந்தரும் 1803இல் ஆங்கிலேயரும் கண்டிக்குள் புகுந்தும் அதைத் தக்கவைக்க முடியாமற்போனது இவ்வாறுதான். இப்படிப் பலமுறை தாக்குண்ட அரண்மனையில் எஞ்சியவற்றையே நாம் பார்க்கிறோம். இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ சாதாரண மக்களுக்கு அனுமதி இருக்கவில்லை என்று, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். வைக்கோல் கூரைகளுக்கு நடுவில் ஓட்டுக்கூரையும் வெள்ளைச் சுவருமாக இந்த வளாகம் எழுந்து நின்ற காட்சியை நினைத்துப் பார்த்தால், அதன் பெருமிதம் விளங்கும்.

கடைசி நான்கு மன்னர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினர். "தமிழ் அரசர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம் என்று ஆசிரியையான உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுள் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்துக்குப் புத்துயிர் அளித்தவர். கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்டு, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832 ஜனவரி 30இல் அங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. இந்த இரண்டு வரலாறுகளையும் ஒன்றாகச் சொன்னால்தான் கண்டி விளங்கும்.

அம்மாவைப் பற்றி. வளாகத்தின் பெரும்பகுதியைச் சமதரையில் நடந்தே பார்க்கலாம். சிரமம் தலதா மாளிகைக்குள்தான், புனித தந்தம் உள்ள அறை மேல்மாடியில் இருக்கிறது. பூசை வேளைகளான அதிகாலை ஐந்தரை, காலை ஒன்பதரை, மாலை ஆறரை மணியளவில் படிக்கட்டில் நெரிசல் மிகும். மேளம் முழங்கும் கீழ்த்தளத்தில் அம்மா அமர்ந்து வணங்க, பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் மேலே சென்று வரலாம். அவரும் மேலே வர விரும்பினால், பூசை நேரம் கடந்தபின் ஏறச் செய்யுங்கள். பாதணிகளை வெளியே விட வேண்டும். நண்பகலில் கல்தரை கொதிக்கும் என்பதால் காலை எட்டு மணியளவில் அங்கே இருப்பது நல்லது. தோளும் முழங்காலும் மறையும் வெளிர்நிற உடை அணியுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். உங்கள் தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள். உள்ளூரவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு.

எந்த நாளில் செல்வது என்பதே மிக முக்கியம். தோட்டங்களில் இருப்போர் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமையையோ பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தையோ தேர்ந்தெடுப்பார்கள். போயா நாளில் மாளிகையில் கூட்டம் அலைமோதும். அருங்காட்சியகங்களும் விடுமுறை நாட்களில் மூடியிருக்கக்கூடும். பாடசாலை விடுமுறை என்பதால் வாரத்தின் நடுவில் ஒரு நாளை ஒதுக்கி, முதல்நாள் அருங்காட்சியகங்களுக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹர நடக்கும் நாட்களைத் தவிருங்கள். வீதிகள் மூடப்படும், முதியவரோடு நடமாடுவது கடினம். வளாகத்துக்கு மட்டும் ஒரு நாள் தாராளமாகப் போதும்.

வாகனம் அமர்த்தி ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வருவதானால், திரும்பும்போது மரச்செதுக்கல்களுக்குப் பெயர்பெற்ற கோயிலான எம்பெக்க தேவாலயத்துக்குத் திரும்புங்கள். கம்பளை 14ஆம் நூற்றாண்டில் தலைநகராக இருந்தது. அந்த அரண்மனை மறைந்துவிட்டது. ஆனால் அங்கிருந்த கொலுமண்டபத் தூண்களே எம்பெக்கவின் மேளமண்டபத்தில் நிற்பதாக மரபு சொல்கிறது. அன்னம், மல்லர், இரட்டைத்தலைக் கழுகு எனத் தூணுக்குத் தூண் வேறுபடும் அந்தச் செதுக்கல்கள், காலையில் பார்த்த மகுல் மடுவவுடன் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை.

அடிஷம் பங்களாவை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம். ஹப்புத்தளை உங்களுக்கு நேரெதிர்த் திசையில் இருக்கிறது. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் ஆங்கிலேயக் கோட்டை வீடொன்றைப் பின்பற்றிக் கருங்கல்லில் எழுப்பிய அந்த மாளிகை, இப்போது பெனடிக்ட் சபைத் துறவியரின் மடம். வரவேற்பறை, நூலகம், தோட்டம் ஆகியவற்றையே பார்வையாளர் காணலாம். துறவியர் தயாரிக்கும் ஜாமும் பழப்பாகும் அங்கே விலைக்குக் கிடைக்கும். கண்டி அருங்காட்சியகங்களுக்கு மாறாக, இது வார இறுதியிலும் போயா தினத்திலும் பாடசாலை விடுமுறையிலும் திறந்திருக்கும். எனவே கண்டிக்கு வாரநாள், அடிஷத்துக்குப் பிறிதொரு போயா அல்லது ஞாயிறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நகரிலிருந்து மேலேறும் மூன்று கிலோமீற்றர் பாதைக்கு அம்மாவை ஓட்டோவில் அழைத்துச் செல்லலாம்.