நான்கு மணிக்கு அந்த டம்ளர் எங்கே?

கேள்வி: எனக்கு 27 வயது. தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸைப் படித்ததிலிருந்து, அன்றாட வாழ்க்கையில் அதிசயங்கள் இயல்பாக நடக்கும் மாய யதார்த்தக் கதைகள் எழுதுகிறேன். இத்துடன் அனுப்பியுள்ள கதையில் ஒரு கிழவி மொட்டை மாடியில் நின்றபடியே நூறு கிளிகளாகிப் பறந்துவிடுகிறாள். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. ‘நம்ப முடியவில்லை’ என்றார் ஓர் ஆசிரியர். மாயக் கதையில் நம்பகத்தன்மை எதற்கு? எழுத வீட்டில் அமைதியும் இல்லை. நினைவு தப்பிய பாட்டி, இறந்துபோன தாத்தாவுக்குத் தினமும் மூன்று மணிக்குக் காப்பி ஆற்றி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். என் நடையை மேம்படுத்த என்ன வழி?

பதில்: தம்பி, நடை கிடக்கட்டும். உங்கள் பாட்டி ஆற்றி வைக்கும் காப்பியை யார் குடிக்கிறார்கள்?

கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். அதில் இல்லை. நான்கு மணிக்கு அந்த டம்ளர் எங்கே இருக்கிறது? ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறதா? பாட்டியே குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கலாகிவிட்டதாம் என்று தாத்தா சார்பில் குறை சொல்கிறாரா? உங்கள் அம்மா எடுத்துக் கழுவிக் கவிழ்க்கிறாரா? அந்த அம்மா உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூட வரவில்லை. காப்பிக்குப் பால் காய்ச்சுவது, பாட்டி அடுப்பைச் சரியாக அணைத்தாரா என்று பார்ப்பது இதெல்லாம் யாரோ செய்கிறார்கள். நீங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கிளி விடுகிறீர்கள்.

கதையில் இருக்கும் ஓட்டையும் இதுவேதான். கிழவி பறந்ததும் ‘வானம் பச்சையானது’ என்று முடித்துவிட்டீர்கள். மாடியில் அவள் காயப்போட்டிருந்த வடகம் என்ன ஆயிற்று? இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவி எங்கே விழுந்தது? பென்ஷன் வாங்கும் கிழவி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி உயிர்வாழ் சான்றிதழுக்கு எந்தக் கிளியை அழைத்துப்போவது? வீட்டில் ஒருவருக்கும் இந்தக் கவலை இல்லை. அவர்கள் நம்பாததை ஆசிரியர் எப்படி நம்புவார்?

1967இல் வெளியான மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலை மறுபடி எடுங்கள். அழகி ரெமேதியோஸ் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்குப் போய்விடுகிறாள். எல்லோருக்கும் நினைவிருக்கும் இடம் இது. அதற்கடுத்து வருவதைப் பாருங்கள். அந்த வீட்டு மருமகள் பெர்னாண்டா பொறாமையில் வெந்து, என் விரிப்புகளைத் திருப்பிக் கொடு என்று கடவுளிடம் வெகு நாட்கள் மன்றாடுகிறாள். விரிப்புக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள். அதனால்தான் பறந்தவளையும் நம்புகிறோம். பாதிரியார் நிகனோர் ஒரு கோப்பை சாக்லேட் குடித்துவிட்டுத் தரையிலிருந்து 12 சென்டிமீட்டர் எழும்புகிறார். எதற்கு? கோயில் கட்டக் காசு திரட்ட. இப்படி வீட்டுக் கணக்கிலும் ஊர்க் கணக்கிலும் வரவு வைக்காத அதிசயம் வெறும் வாணவேடிக்கை.

இந்தத் தொனி மார்க்வெஸுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? கொலம்பியாவில் அரகடாகா என்ற ஊரில், தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தவர் அவர். நம்பவே முடியாத சங்கதிகளையும் முகத்தில் சலனமே இல்லாமல் பாட்டி சொல்வாராம். 1981இல் வெளியான பேட்டியில் இதைச் சொன்னவர், முன்பெல்லாம் தானே நம்பாமல் எழுத முயன்றதையும், முதலில் தான் நம்பவேண்டும் என்று பிறகு கண்டுகொண்டதையும் சேர்த்தே சொல்கிறார். அவர் தேடிக் கண்டுகொண்ட பொருள் உங்கள் வீட்டு அடுத்த அறையில் தினமும் மூன்று மணிக்குப் பேசுகிறது. அதைச் சத்தம் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் கிழவி ஏன் கிளியானாள்? 1928 டிசம்பரில், மார்க்வெஸின் ஊருக்குப் பக்கத்திலுள்ள சியெனாகாவில், வேலைநிறுத்தம் செய்த வாழைத் தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. நாவலிலோ, பிணங்களை ரயிலில் ஏற்றிக் கடலில் கொட்டிவிடுகிறார்கள். உயிர் தப்பியவன் ஊர் திரும்பினால், அப்படி எதுவும் நடக்கவில்லையே என்கிறது ஊர். அந்தப் படுகொலைக்குப் பிறகுதான் மழை பிடிக்கிறது: 4 வருடம், 11 மாதம், 2 நாள். வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கத்தின் மேல் பெய்யும் மழை அது. உங்கள் கிழவிக்கு அப்படி என்ன துக்கம்? கதையில் தேடினேன், கிடைக்கவில்லை.

உடனே நோட்டுப் புத்தகத்தோடு பாட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அது கதவைச் சாத்துவதைவிடக் கேவலம். அவர் உங்களுக்குக் கச்சாப் பொருள் அல்ல. உங்களைத் தூக்கி வளர்த்தவர். கதை வந்தாலும் வராவிட்டாலும் அவர் பக்கத்தில் உட்காருவது பேரனின் கடமை. இதில் நான் மாற்றுக் கருத்து கேட்கத் தயாராக இல்லை.

என் அம்மா கடைசி வருடத்தில், நான்கு மாதக் குழந்தையாக இறந்துபோன என் அண்ணனுக்குத் தூளி கட்டச் சொல்வார். எனக்கும் எழுத்து வேலை இருந்தது. இருந்தாலும் உத்தரத்து வளையத்தில் பழைய நூல் புடவையைக் கட்டி ஆட்டினேன். வெறும் தூளி கனமில்லாமல் ஆடும். கையை எடுத்தால் சட்டென்று நின்றுவிடும். நிற்கும்போதெல்லாம் அம்மா என்னை நிமிர்ந்து பார்ப்பார். மறுபடி ஆட்டுவேன். பத்து நிமிடம் கழித்து, “தூங்கிவிட்டான், சத்தம் போடாதே” என்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் மெதுவாகத்தான் நடந்தேன். யாருக்காக நடந்தேன் என்று இன்றுவரை யாரிடமும் விளக்கியதில்லை.

நாளை மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். பாலை நீங்கள் காய்ச்சுங்கள். அம்மா கொஞ்சம் படுக்கட்டும். தாத்தா எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாட்டியிடம் கேட்டுவிட்டு, வேறொன்றை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.